கோதுமை நுழையும் வாசல்கள்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 1064 பெரியவர்களைச் சோதித்த மருத்துவர்கள், 82 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், கோதுமையால் குடல் கெடும் சீலியாக் நோய் இருப்பதைக் கண்டார்கள். அந்த ஆய்வு 2000-ல் வெளியானது. 2016-ல் இந்தியாவிலிருந்து அதைவிடப் பெரிய ஆய்வொன்று வந்தது. மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்திருந்தார்கள். தெற்குக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது வேலூர் வட்டாரம். வட இந்தியாவில் ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு நோய் இருந்தது. வேலூர்ப் பக்கம் பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது.

தெற்கத்தியரின் உடம்பு வேறு வார்ப்பு என்று இதைப் படித்தவுடன் தோன்றும். ஆனால் அதே ஆய்வு அந்த எண்ணத்தை உடைத்துவிட்டது. சீலியாக் வருவதற்கு எச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்னும் மரபணு வகை உடம்பில் இருந்தாக வேண்டும். வடக்கில் 38 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 36 விழுக்காட்டினரிடமும் அவை இருந்தன. சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. வேறுபாடு சாப்பாட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கில் அது வெறும் 25 கிராம்.

இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆக்லாந்தின் தென்பகுதிக்கு வரலாம்.

மனுகாவை ஒட்டிய விரி, கிடங்குகளும் தொழிற்கூடங்களும் நிறைந்த இடம். ஆக்லாந்து துறைமுகத்தின் உள்நாட்டுச் சரக்கு முனையமும் நகர மின்ரயில்களின் பணிமனையும் இங்கேதான் இருக்கின்றன. விமான நிலையமும் தொலைவில் இல்லை. சுற்றியுள்ள பாப்பாடோடோ, மனுரேவா குடியிருப்புகளில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிஜியிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. அதிகாலை ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு இட்லி ஊற்ற நேரம் கிடைப்பதில்லை. இரண்டு துண்டு டோஸ்ட், இல்லையென்றால் பாலில் ஊறிய வீட்-பிக்ஸ். வேலையிடத்தில் ‘ஸ்மோகோ’ என்று சொல்லும் இடைவேளையில் ‘பை’ (pie) ஒன்று, மதியம் சாண்ட்விச், சர்க்கரை நோய்க்காக இரவில் சப்பாத்தி. வேலூர்க்காரரின் அந்த 25 கிராமைக் காலை டோஸ்ட்டே தாண்டிவிடுகிறது.

பிஜித் தமிழர்களின் தட்டில் கோதுமை இன்னும் முன்னதாகவே ஏறிவிட்டது. 1903 முதல் சென்னை வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். தோட்டத்துப் பங்கீட்டில் மாவும் கிடைத்தது. சோறு சாப்பிட்ட குடும்பங்கள் ரொட்டியும் சுடக் கற்றுக்கொண்டன. இன்று பிஜி இந்தியர் வீட்டில் ரொட்டி இல்லாத நாள் அரிது.

‘இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய், நமக்கெங்கே’ என்ற பேச்சு தமிழ் வீடுகளில் உண்டு. மேலே சொன்ன எண்களுக்கு முன்னால் அந்தப் பேச்சு நிற்காது. நோய்க்கு வேண்டிய மரபணு நம்மில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. குறைவாக இருந்தது கோதுமை மட்டுமே. கடல் கடந்து வந்தவர்களுக்கு அந்தக் குறைவும் இப்போது இல்லை.

குடலுக்குள் நடப்பது

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுதி. பரோட்டா மாவை வீசி இழுத்தால் அறுந்துபோகாமல் நீள்வது அதனால்தான். ரொட்டிக்குள் காற்றுக் குமிழ்கள் தங்கி அது உப்பி நிற்பதும் அதனால்தான். புரோலின், குளூட்டமின் என்னும் இரண்டு அமினோ அமிலங்கள் இதில் ஏராளம். மனிதக் குடலின் செரிமான நொதிகளால் இந்தப் புரதத்தை முழுதாக வெட்ட முடியாது. பெரிய துண்டுகள் சில வெட்டுப்படாமலே மிஞ்சுகின்றன. 33 அமினோ அமிலங்கள் கொண்ட அப்படிப்பட்ட துண்டொன்றை 2002-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள்.

பெரும்பாலானோருக்கு இந்தத் துண்டுகளால் கெடுதல் எதுவும் இல்லை. சீலியாக் உள்ளவரின் குடலில் கதை வேறு. சிறுகுடலின் சுவருக்குள் நுழையும் துண்டுகளைத் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி சற்றே மாற்றுகிறது. மாறிய துண்டு டிக்யூ2, டிக்யூ8 மூலக்கூறுகளில் இறுகப் பொருந்துகிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பகையென்று எடுத்துக்கொண்டு தாக்கத் தொடங்குகின்றன. தாக்குதலில் அடிபடுவது சொந்தக் குடல். சிறுகுடலின் உட்புறம், பூந்துவாலையின் மேல் நிற்கும் நூல்முனைகளைப்போல லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகளால் மூடப்பட்டிருக்கிறது. உணவுச் சத்தை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. தாக்குதல் நீடித்தால் அவை தேய்ந்து, பரப்பு மழுங்கிப்போகிறது.

இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். அழற்சி கடுமையாக இருப்பதும் அங்கேதான். அதனால் பலருக்கு முதல் அறிகுறி வயிற்றுப்போக்கு அல்ல, மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை. தீராத அசதி, வாய்ப்புண், எலும்புத் தேய்வு, குழந்தை தரிப்பதில் சிக்கல், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவு, தோலில் அரிக்கும் கொப்புளங்கள் என்று இந்த நோய் பல முகங்களில் வருகிறது. தமிழ்ப் பெண் ஒருவருக்கு ரத்தசோகை என்றால், சைவச் சாப்பாடு, மாதவிடாய், வேலைப் பளு என்று காரணங்கள் உடனே வரிசைகட்டும். குடலைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது.

கோதுமைதான் காரணம் என்பதை உலகுக்குச் சொன்னவர் வில்லம் டிக் என்னும் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1888-ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்த நோயைத் தெளிவாக விவரித்து, உணவுதான் மருந்து என்றும் சொல்லியிருந்தார். ஆனால் எந்த உணவு கேடு செய்கிறது என்பது பிடிபடவில்லை. டிக்குக்கு 1930-களிலேயே ரொட்டியின்மேல் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்காமல் மக்கள் டியூலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அந்தக் காலத்தில் சீலியாக் குழந்தைகள் தேறியதையும், கோதுமை திரும்பி வந்ததும் மறுபடி நலிந்ததையும் டிக் கவனித்தார். 1950-ல் அவருடைய ஆய்வேடு அதை அறிவியலாக நிறுவியது.

அன்று முதல் இன்றுவரை மருத்துவம் ஒன்றே: வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத சாப்பாடு. அதைக் கடைப்பிடித்தால் குடலுறிஞ்சிகள் மீண்டும் வளரும். பிள்ளைகளுக்குக் குடல் சீக்கிரமாகத் தேறும், பெரியவர்களுக்குச் சில ஆண்டுகள் ஆகலாம்.

எவ்வளவு குறைந்தால் பாதுகாப்பு? இத்தாலிய மருத்துவர் கார்லோ கட்டாஸியின் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தேடியது. 49 நோயாளிகளுக்கு 90 நாள் நாள்தோறும் 10 அல்லது 50 மில்லிகிராம் குளூட்டனோ, வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 50 மில்லிகிராம் குடலைக் கெடுத்தது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறக்குறைய இரண்டு கிராம் குளூட்டன் இருக்கும். அதில் நாற்பதில் ஒரு பங்குதான் இந்த 50 மில்லிகிராம். தட்டோரம் உதிரும் துணுக்கே போதும்.

தமிழ்ச் சமையலறையின் பலமும் ஓட்டைகளும்

சீலியாக் என்று தெரிந்த ஐரோப்பியக் குடும்பம் தன் சமையலையே புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். தமிழ்க் குடும்பத்துக்கு அந்தச் சுமை இல்லை. இட்லி, தோசை, ஆப்பம், அரிசிமாப் புட்டு, இடியாப்பம், உளுந்து வடை, அடை, சோறு, குழம்பு எல்லாம் அரிசியும் பருப்பும்தான். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. நியூசிலாந்தின் பிரபலக் காலை உணவான வீட்-பிக்ஸை குளூட்டன் இல்லாமல் செய்ய சானிட்டேரியம் நிறுவனம் எடுத்துக்கொண்ட தானியமே சோளம்தான்.

அப்படியிருக்க, ‘நம் சாப்பாட்டில் கோதுமையே இல்லை’ என்ற நிம்மதியோடு இருக்கும் வீடுகளில்தான் நோயாளி தேறாமல் இருப்பார். ஏனென்றால் கோதுமை இங்கே முன்வாசல் வழியாக வருவதில்லை.

முதல் கள்ள வாசல் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மாவும் சேர்க்கிறார்கள். அது பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. கால் தேக்கரண்டிப் பொடி சுமார் ஒரு கிராம் என்று கொள்வோம். அதில் பாதி கோதுமை மாவு, மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் 50 மில்லிகிராம் வருகிறது. நான்கு பேர் சாப்பிடும் சாம்பாரில் ஆளுக்குப் பன்னிரண்டு. அதே நாளில் ரசம், ஊறுகாய், இட்லிப் பொடி, புளியோதரை என்று பெருங்காயம் நாலு இடத்தில் வருகிறது. சாம்பார் மணத்துக்காக இட்ட சிட்டிகைகள் நாள் முடிவில் ஆபத்தான அளவைத் தொட்டுவிடும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் விற்பனைக்கு உண்டு. பொதியுறையில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்து அதை வாங்கினால் இந்த வாசல் அடைபடும். கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடிக்கும் ரசப் பொடிக்கும் இதே சோதனை வேண்டும்.

இரண்டாவது வாசல், பெயரில் ஒளிந்திருக்கும் கோதுமை. ரவை கோதுமைதான். சேமியாவும் பெரும்பாலும் அதுவே. ஆகவே உப்புமா, கேசரி, ரவா தோசை, சேமியா பாயசம் எல்லாம் விலக்கு. அவசரத்துக்கு வாங்கும் தோசை மிக்ஸ், பஜ்ஜி மிக்ஸ் ஆகியவற்றில் ரவையோ மைதாவோ இருக்கலாம். ஹார்லிக்ஸில் கோதுமையும் முளைகட்டிய பார்லியும் உண்டு. மைலோவும் பார்லி மால்ட்டில் செய்தது. நோயாளிக்குத் தெம்பு வரட்டும் என்று பாட்டி ஆற்றிக் கொடுக்கும் ஹார்லிக்ஸ் இந்த நோயாளிக்கு நஞ்சு. டோஸ்ட்டில் தடவும் வழக்கமான மார்மைட், வெஜிமைட் இரண்டிலும் குளூட்டன் இருக்கிறது. சாதாரண சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. ‘சைனீஸ்’ நூடுல்ஸை அரிசி நூடுல்ஸாக மாற்றினாலும் சாஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

ஈழத் தமிழர் வீடுகளில் மூன்றாவதாக ஒரு வாசல் உண்டு. அங்கே புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைச் சேர்க்கும் வழக்கம் பரவலானது. சிலர் முழுக்கக் கோதுமை மாவிலேயே அவிப்பார்கள். மாவை முன்கூட்டியே அவித்துவிடுவதால் பிசுபிசுப்பு போகும், பூப்போல உதிரும். ஆனால் நோயைக் கிளப்பும் புரதத் துண்டு ஆவியில் அழிவதில்லை. ஆட்டுக்கல்லில் அரைத்தாலும், இட்லிச் சட்டியில் அவித்தாலும், அடுப்பில் பொரித்தாலும் அதன் குணம் மாறாது. இடியாப்பம் சாப்பிட அழைக்கும் வீட்டில் ‘சிவப்பரிசி மாவா, கோதுமை மாவும் சேர்த்ததா’ என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவல்ல.

நான்காவது வாசல் பாத்திரம். சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசை ஊற்றினால் கருகிய மாவுத் துகள் தோசையில் ஒட்டும். பூரி பொரித்த எண்ணெயில் வடை போட்டால் அதே கதை. மாவு சலிக்கும் சல்லடை, மரக்கரண்டி, டோஸ்டர் மூன்றும் கழுவினாலும் சுத்தமாகாதவை. சீலியாக் உள்ளவருக்குத் தனியாக ஒரு தோசைக்கல், சல்லடை, மரக்கரண்டி, டோஸ்டர், ஜாம் பாட்டில் இருந்தால் போதும். வீடு முழுக்கக் கோதுமையைத் துறக்க வேண்டியதில்லை. சுடும் வரிசையை மாற்றிக்கொண்டு, நோயாளியின் உணவை முதலில் சமைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஊரிலிருந்து அரைத்து வரும் கேழ்வரகு மாவிலும் கவனம் வேண்டும். மாவு மில்லில் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால் அந்த மிச்சம் நம் பையில்தான் விழும். தானியத்தை முழுதாக வாங்கி, பொறுக்கிக் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே அரைப்பது நல்லது.

தென் ஆக்லாந்துக்கென்று ஒரு வாய்ப்பும் இருக்கிறது. விரிக்குப் பக்கத்தில் ஓட்டாராவில் சனிக்கிழமை காலைச் சந்தை கூடுகிறது. பசிபிக் தீவு மக்களின் உணவுகளான டாரோ என்னும் சேம்பு, மரவள்ளி, வாழைக்காய், மாவோரிகளின் கூமரா எனப்படும் சர்க்கரைவள்ளி எல்லாம் தென் ஆக்லாந்தில் சாதாரணமாகக் கிடைப்பவை. இவை எதிலும் குளூட்டன் இல்லை. மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தாளிக்கவும், வாழைக்காயை வறுக்கவும் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சாமோவாச் சமையலின் சாப்பசூயி என்னும் நூடுல்ஸ் உணவில் மட்டும் சோயா சாஸ் உண்டு, அங்கே விலகிக்கொள்ள வேண்டும்.

பொட்டலத்தில் எழுதியிருப்பது

நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பொதுவான உணவுத் தரச் சட்டம் உலகின் கடுமையான சட்டங்களில் ஒன்று. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்தியாவும் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுத அனுமதிக்கின்றன. இங்கே அந்தச் சொல்லை எழுத, ஆய்வில் குளூட்டன் தட்டுப்படவே கூடாது. ஓட்ஸோ, முளைகட்டிய குளூட்டன் தானியமோ சேர்ந்திருந்தாலும் எழுதக்கூடாது.

ஓட்ஸில் உள்ள புரதம் அவெனின். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலானோர் அதைத் தாங்குவார்கள், சிலர் தாங்கமாட்டார்கள். போதாததற்கு ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு எளிதில் கலந்துவிடும். ஆகவே அமெரிக்காவில் ‘குளூட்டன் ஃப்ரீ’ முத்திரையோடு கிடைக்கும் ஓட்ஸை ஆக்லாந்துக் கடையில் அந்தப் பெயரில் விற்க முடியாது. மருத்துவரோடு பேசாமல் ஓட்ஸ் தொடங்க வேண்டாம்.

இன்னொரு சொல்லில்தான் பொறி இருக்கிறது. ‘லோ குளூட்டன்’. இங்கே அதற்குச் சட்டம் வைத்த வரம்பு 100 கிராமுக்கு 20 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 200. மற்ற நாடுகளின் ‘குளூட்டன் ஃப்ரீ’ வரம்பைவிடப் பத்து மடங்கு அதிகம். ‘லோ’ என்ற சொல்லை நம்பி வாங்கும் சீலியாக் நோயாளி ஏமாந்துபோவார்.

2021 பிப்ரவரி 25-ல் ஒவ்வாமைப் பொருள்களை எளிய மொழியில் அறிவிக்கும் புதிய விதி வந்தது. மூன்று ஆண்டு அவகாசம் முடிந்து, 2024 பிப்ரவரி 25 முதல் பொதியப்படும் உணவுகளில் கோதுமை இருந்தால் அந்தப் பெயரைச் சேர்மானப் பட்டியலில் தடித்த எழுத்தில் போட வேண்டும். பட்டியலின் அருகே ‘இதில் உள்ளவை’ என்ற சுருக்க வரியில் குளூட்டன் என்ற சொல்லும் இடம்பெற வேண்டும். பாப்பாடோடோவின் இந்தியக் கடையில் விற்கும் இறக்குமதிப் பொடிக்கும் இது பொருந்தும். பொட்டலத்தின் முன்பக்க விளம்பரத்தைவிட இந்தச் சிறிய வரி நம்பத்தக்கது. அதை முதலில் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் கடையில் செலவாகும் நேரம் பாதியாகும்.

வெளியே சாப்பிடும்போது

விரியின் வேலையிடங்களில் பொது மைக்ரோவேவும் பொது டோஸ்டரும் இருக்கும். டப்பாவை மூடியோடு சூடாக்குவதும், டோஸ்டரைத் தொடாமல் இருப்பதும் போதுமான காப்பு. மீன்-சிப்ஸ் கடையில் உருளைக்கிழங்கும் மாவில் தோய்த்த மீனும் ஒரே எண்ணெயில் வேகும். அதனால் வெறும் சிப்ஸும் பாதுகாப்பல்ல. உணவக மெனுவில் ‘ஜிஎஃப்’ என்ற குறி இருந்தாலும், தனி எண்ணெய், தனிப் பலகை உண்டா என்று கேட்க வேண்டும். உணவில் உள்ள ஒவ்வாமைப் பொருளைக் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை இங்குள்ள உணவகங்களுக்குச் சட்டப்படி உண்டு. கேட்பவர் கூசத் தேவையில்லை.

கூசுவது பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர் முன்னால்தான். பிறந்தநாள் விழாவில் கேக்கை மறுக்கும் பிள்ளையிடம் ‘ஒரு வாய் சாப்பிட்டா ஒன்னும் ஆகாது கண்ணு’ என்று ஊட்டிவிடும் அத்தைகள் அன்பில் குறைந்தவர்கள் அல்ல. அந்த ஒரு வாய் குடலைப் பல நாள் புண்ணாக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கோயில் பிரசாதத்தில் சர்க்கரைப் பொங்கல் நல்லது. கேசரி கூடாது, சுண்டலுக்கும் புளியோதரைக்கும் பெருங்காயத்தை விசாரிக்க வேண்டும். கத்தோலிக்கத் தேவாலயத்தில் கேள்வி இன்னும் நுட்பமானது. முற்றிலும் குளூட்டன் அற்ற அப்பம் நற்கருணைக்குச் செல்லாது என்று வத்திக்கான் 2017-ல் மீண்டும் தெளிவுபடுத்தியது. ஆனால் குளூட்டன் மிகவும் குறைக்கப்பட்ட அப்பத்தை அது ஏற்கிறது. திராட்சை ரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளவும் வழி உண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் போதும்.

ஆக்லாந்திலிருந்து சென்னைக்கு

சிங்கப்பூர் வரை பத்து மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரம். விமான நிறுவனங்கள் குளூட்டன் இல்லாச் சாப்பாட்டை ‘ஜிஎஃப்எம்எல்’ என்ற குறியில் பதிவு செய்கின்றன. குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். சைவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். பெரும்பாலும் ஒரு பயணிக்கு ஒரு சிறப்புக் குறிதான் கிடைக்கும். குளூட்டன் இல்லாதது கேட்டால் அதில் கோழி இருக்கலாம், இந்திய சைவம் கேட்டால் அதில் சப்பாத்தி இருக்கும். இரண்டும் வேண்டியவர் கைப்பையில் இட்லியும் தயிர்சாதமும் கொண்டுபோவதே உறுதியான வழி.

திரும்பி வரும்போது நியூசிலாந்தின் உயிரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை. பொடி, மாவு, தானியம், கறிவேப்பிலை எதுவானாலும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் கொண்டுவந்து பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். அறிவித்த பொருளைக் கொண்டுவர அனுமதி இல்லை என்றால் எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இராது.

தமிழ்நாட்டில் ‘குளூட்டன்’ என்று சொன்னால் பல ஓட்டல்களில் புரியாது. பொருளின் பெயரைச் சொல்வதே பலன் தரும். ‘அண்ணே, கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் எனக்கு ஆகாது. சாப்பிட்டா உடம்புக்கு முடியாமப் போயிடும்’ என்றால் சரக்கு மாஸ்டர் வரை செய்தி போகும். நெடுஞ்சாலை ஓட்டல்களில் பரோட்டா போடும் கல்லிலேயே தோசையும் ஊற்றுவார்கள். அங்கே ஆவியில் வெந்த இட்லி, இடியாப்பம், சோறு, அவித்த முட்டை, வாழைப்பழம், இளநீர் பாதுகாப்பு. சாம்பாருக்குப் பதில் தேங்காய்ச் சட்னியோ தயிரோ தொட்டுக்கொள்ளலாம், தாளிப்பில் பெருங்காயம் போட்டார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். உறவினர் வீட்டுக்குப் போகும்போது தன் பெருங்காய டப்பாவைத் தானே கொண்டுபோனால் விருந்து வைப்பவரின் சுமையும் குறையும்.

விலக்குவதால் வரும் குறை

கோதுமையை நிறுத்துவது மட்டுமே சத்தான சாப்பாடு ஆகிவிடாது. நியூசிலாந்தில் 2009 முதல் ரொட்டியில் அயோடின் கலந்த உப்பு கட்டாயம். 2023 ஆகஸ்ட் முதல் ரொட்டிக்கான கோதுமை மாவில் ஃபோலிக் அமிலமும் கட்டாயமாகியிருக்கிறது. கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. ரொட்டியை விட்டவருக்கு இவை இரண்டும் கைநழுவுகின்றன. அயோடின் உப்பு, மீன், முட்டை, பால், கீரை, பயறு வகைகளால் இதை ஈடுகட்ட வேண்டும். தாய்மைக்குத் தயாராகும் பெண்கள் ஃபோலிக் அமில மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். மூன்று வேளையும் வெள்ளை அரிசி என்று ஒதுங்கிவிடாமல் கேழ்வரகும் கம்பும் பருப்பும் தட்டில் வந்தால் நார்ச்சத்தும் இரும்பும் கூடும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது இரட்டிப்புத் தேவை.

நோய் இல்லாதவர்கள் மோஸ்தருக்காகக் கோதுமையை விட வேண்டியதில்லை. கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்பவர்கள் எல்லோருக்கும் சீலியாக் இருப்பதில்லை. கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டன் என்னும் கார்போஹைட்ரேட் வகைகூட சிலருக்கு உப்பிசம் தரும். கோதுமை ஒவ்வாமை என்பது வேறொரு நோய். எது எது என்று பிரித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் குடலிலிருந்து துணுக்கெடுத்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இணையத்தில் படித்துவிட்டுக் கோதுமையை நிறுத்தி, உடம்பு தேறியபின் மருத்துவரிடம் போகிறார்கள். அப்போது ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் குறைந்திருக்கும், குடலும் ஆறத் தொடங்கியிருக்கும். நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். பரிசோதனை முடியும்வரை கோதுமையைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும்.

விரியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் செய்ய வேண்டியது இதுதான். மாத்திரைக்கு மசியாத ரத்தசோகையோ, காரணம் தெரியாத அசதியோ, வளராத பிள்ளையோ வீட்டில் இருந்தால், குடும்ப மருத்துவரிடம் சீலியாக் ரத்தப் பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது அரிது’ என்று பதில் வந்தால், ஊரில் அரிதாக இருந்தது கோதுமைதான் என்று சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரையும் சோதியுங்கள். அந்த நெருங்கிய உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது.